‘என்ஜாய்’ தவறு, ‘லைக்’ மட்டும் சரியா?

வணக்கம் அம்மா. சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவம் பயிலும் தங்கள் மகள், ஆங்கிலக் கட்டுரையில் ‘ஐ என்ஜாய் டு ஹெல்ப் மை ஃபாதர்’ என்று எழுதியதை அடித்த ஆசிரியர், அடுத்த வரியில் உள்ள ‘ஐ லைக் டு குக்’ என்பதை விட்டுவைத்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் செய்தது சரியே. ‘என்ஜாய்’, ‘டிஸ்லைக்’ ஆகியவற்றுக்குப் பின் ‘இங்’ வடிவமே வரும். ‘என்ஜாய் ஹெல்ப்பிங்’ என்றுதான் எழுத வேண்டும். இதற்குக் காரணம் தேடுவதைவிட மனப்பாடம் செய்வதே மேல் என்பது என் கருத்து.

‘லைக்’, ‘லவ்’, ‘ஹேட்’, ‘பிரிஃபர்’ ஆகியவை ‘டு’, ‘இங்’ ஆகிய இரண்டு வடிவங்களையும் ஏற்கும். ஆயினும் பிரிட்டிஷ் வழக்கில் ‘லைக்’ என்பதற்கு ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. ரப்பர் மரம் சீவும் தந்தை ‘ஐ லைக் டு ஷார்ப்பன் மை நைஃப் அட் நைட்’ என்றால், கத்தி தீட்டுவதில் அவருக்கு இன்பம் என்று பொருளாகாது. விடியலில் வேலைக்காட்டுக்குப் போகுமுன் அதை முடித்துவைப்பது நல்லது என்று கருதி அவ்வாறு செய்கிறார் என்பதே பொருள். ‘ஐ லைக் ஷார்ப்பனிங்’ என்றாலோ அந்த வேலையே அவருக்குப் பிடித்தமானது.

‘வுட் லைக்’ என்று வந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடமில்லை, ‘டு’ வடிவமே வரும்: ‘ஐ வுட் லைக் டு ஸ்டடி இன் ஈப்போ’. எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) கட்டுரையில் எதிர்கால ஆசையைச் சொல்லும் பத்தியில் ‘வுட் லைக் ஸ்டடியிங்’ என்று நுழைந்துவிடாமல் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.