மண்டியிட்ட வீரர்கள், குறைந்த ரேட்டிங்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், "தேசிய கீதத்தின்போது வீரர்கள் மண்டியிட்டதால் பாதிப் பேர் ஃபுட்பால் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்" என்கிறான். அங்கே என்னதான் நடந்தது?
– தஞ்சாவூர் வாசகர்

பாதிப் பேர் என்பது மிகை. தொலைக்காட்சி ரேட்டிங் குறைந்தது உண்மை. எவ்வளவு, எதனால் என்பதை அடுத்த பதில்களில் சொல்கிறோம்.

இது நாம் உதைத்து விளையாடும் கால்பந்து அல்ல. இருபுறமும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடும், வீசும் அமெரிக்கன் ஃபுட்பால். அதை நடத்தும் என்.எஃப்.எல். (நேஷனல் ஃபுட்பால் லீக்) அமைப்பில் 32 அணிகள் உள்ளன. 2016 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்) காலின் கேப்பர்னிக், கீதம் ஒலித்தபோது எழாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுப்பினத்தவர் மீது போலீஸ் நடத்தும் வன்முறைக்கு எதிர்ப்பு என்று காரணம் சொன்னார். ஆகஸ்ட் 26 அன்று கிரீன் பே அணியுடனான பயிற்சி ஆட்டத்தில்தான் இது செய்தியாளர்கள் கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய ஆட்டங்களிலும் அவர் உட்கார்ந்தே இருந்தார், யாரும் கவனிக்கவில்லை. பிறகு ராணுவச் சிறப்புப் படையில் இருந்த முன்னாள் வீரர் நேட் போயரிடம் பேசினார். உட்காருவதைவிட ஒரு காலை மடித்து மண்டியிடுவது மரியாதையாக இருக்கும் என்று முடிவானது. செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் அவரும் சக வீரர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள்.

ஓராண்டு கழித்து, 2017 செப்டம்பர் 22 அன்று, அலபாமாவில் நடந்த கூட்டத்தில் அதிபர் டிரம்ப் இப்படிச் செய்பவர்களை அணி உரிமையாளர்கள் வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று பேசினார். அதுவரை சில வீரர்களோடு நின்றிருந்த எதிர்ப்பு, அந்த ஞாயிற்றுக்கிழமை 200-க்கும் மேற்பட்ட வீரர்கள் மண்டியிட்டோ உட்கார்ந்தோ பங்கேற்கும் அளவுக்குப் பெருகியது. "வீரர்கள் அரசியலைக் கொண்டுவந்தார்கள்" என்று மட்டும் சொல்பவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

2016, 2017 இரண்டு ஆண்டும் ரேட்டிங் விழுந்ததே! இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்?
– எடிசன், நியூ ஜெர்சி வாசகர்

விழுந்த அளவு இது. லீக் சுற்றில் ஒரு ஆட்டத்தைச் சராசரியாக 2015-இல் 1.79 கோடிப் பேர் பார்த்தார்கள். 2016-இல் 1.65 கோடி, 2017-இல் 1.49 கோடி. முதல் ஆண்டு சுமார் 8 சதவீதச் சரிவு, அடுத்த ஆண்டு சுமார் 10 சதவீதம். சிறிய சரிவல்ல.

ஆனால் 2016-ஐ இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நவம்பரில் அதிபர் தேர்தல் முடியும் வரை சரிவு சுமார் 14 சதவீதம். தேர்தலுக்குப் பிறகு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 1 சதவீதம்தான் குறைவு. மண்டியிடுதல் தேர்தலோடு நின்றுவிடவில்லை, சீசன் முடியும் வரை தொடர்ந்தது. அதுதான் முதன்மைக் காரணம் என்றால் பார்வையாளர்கள் நவம்பரில் திரும்பி வந்திருக்கக் கூடாது. செப்டம்பர் 26 திங்கள் இரவு ஆட்டம் நடந்த அதே நேரத்தில் கிளின்டன்–டிரம்ப் முதல் விவாதம் ஒளிபரப்பானது. அதைப் பார்த்தவர்கள் மட்டும் சுமார் 8.4 கோடிப் பேர். இரண்டாவது விவாதம் ஞாயிறு இரவு ஆட்டத்தோடு மோதியது. போதாததற்கு, நட்சத்திர குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் அந்த மார்ச்சில் ஓய்வு பெற்றிருந்தார். இன்னொரு நட்சத்திரம் டாம் பிரேடி முதல் நான்கு ஆட்டங்களுக்குத் தடையில் இருந்தார். ஃபுட்பாலில் பெரிய குவார்ட்டர்பேக் இல்லாத ஆட்டம் நடுநிலை ரசிகரை இழுக்காது.

2017-இல் நட்சத்திர வீரர்களின் காயங்கள் கூடின. ஆரோன் ராட்ஜர்ஸுக்குக் காறை எலும்பு முறிந்தது, ஜே.ஜே. வாட், ஓடெல் பெக்கம், டிஷான் வாட்சன் ஆகியோரின் சீசன் பாதியிலேயே முடிந்தது, ஆண்ட்ரூ லக் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இதே காலத்தில் கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போகிறவர்களும் பெருகினார்கள். சீரியல், காமெடி நிகழ்ச்சிகளும் பார்வையாளர்களை இழந்தன.

இதற்கு அர்த்தம், மண்டியிட்டதால் யாருமே விலகவில்லை என்பதல்ல. சிலர் விலகினார்கள். ஞாயிறு ஆட்டங்களுக்கான சந்தாவை ரத்து செய்ய விரும்பிய சில வாடிக்கையாளர்களுக்கு டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனம் 2017 செப்டம்பரில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் மொத்தச் சரிவையும் அவர்கள் கணக்கில் எழுதக் கூடாது.

ரேட்டிங் செய்தியைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? ஒரே வாரத்துக்கு ஒருவர் ஏறியது என்கிறார், மற்றவர் இறங்கியது என்கிறார்.
– இதழியல் மாணவி, சென்னை

இருவரும் உண்மையான எண்ணையே கையில் வைத்திருக்கலாம். நம் ஊர் டிஆர்பி போலவே அங்கும் நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி வைத்துக் கணக்கிடுகிறது. செய்தியில் வரும் எண் 'ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக எத்தனை பேர்' என்பது. ஆட்டத்தை எட்டிப் பார்த்த அத்தனை பேரின் எண்ணிக்கை அல்ல. ஒருவர் மூன்று மணி நேரம் பார்த்த ஆட்டத்தை ஒன்றரை மணி நேரத்தில் அணைத்தாலும் எண் குறையும். அவர் கோபத்தில் விலகினாரா, ஆட்டம் ஒருதலைப்பட்சமாகப் போனதால் தூங்கப் போனாரா என்று அந்த எண் சொல்லாது.

எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று முதலில் தேடுங்கள். 2017 செப்டம்பர் 25 திங்கள் இரவு டாலஸ் அணியினர் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸோடு கைகோத்து, கீதத்துக்கு முன்பு மண்டியிட்டு, கீதத்தின்போது எழுந்து நின்றார்கள். அந்த ஆட்டத்தின் ரேட்டிங் முந்தைய ஆண்டின் அதே வாரத்தைவிட வெகுவாக ஏறியிருந்தது. எதிர்ப்பு ரசிகர்களை இழுத்தது என்று இதை வைத்து எழுதிவிட முடியும். ஆனால் முந்தைய ஆண்டின் அதே வாரம்தான் அதிபர் விவாதம் நடந்தது, ஒப்பிட எடுத்த எண்ணே தாழ்ந்திருந்தது. ஆகவே குறைந்தது இரண்டு ஆண்டுகள் பின்னோக்கிப் போய், ஞாயிறு மதியத்தை ஞாயிறு மதியத்தோடும், திங்கள் இரவைத் திங்கள் இரவோடும் ஒப்பிடுங்கள். அந்தக் கால அளவில் மற்ற நிகழ்ச்சிகள் எவ்வளவு இழந்தன என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கிடும் முறை மாறியதா என்பதையும் பாருங்கள். உணவு விடுதி, நண்பர் வீடு போன்ற இடங்களில் பார்ப்பவர்கள் 2020 முதல்தான் தேசியக் கணக்கில் சேர்ந்தார்கள். 2023-இல் சராசரி மீண்டும் 1.79 கோடியைத் தொட்டதை "2015 நிலைக்குத் திரும்பியது" என்று எழுதினால், இந்த மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: சாதாரண வாரங்களில் தொலைக்காட்சி தேசிய கீதத்தைக் காட்டுவதே இல்லை. அந்த நேரத்தில் விளம்பரம் ஓடும். பெரும்பாலான ரசிகர்கள் மண்டியிட்டதைப் பார்த்தது ஆட்டத்தில் அல்ல, செய்திச் சேனலில்.

"ரசிகர்கள் விலகியதற்கு முதல் காரணம் கீத எதிர்ப்பே" என்று ஒரு கருத்துக்கணிப்பு சொன்னதாக நினைவு. அது பொய்யா?
– மதுரை வாசகர்

பொய்யல்ல, அரைகுறையாகப் பரவியது. ஜே.டி. பவர் நிறுவனம் 2017 ஜூலையில் வெளியிட்ட கணிப்பு அது. 9,200-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டார்கள். 'குறைவாகப் பார்த்தேன்' என்றவர்களில் 26 சதவீதம் பேர் கீத எதிர்ப்பைக் காரணம் சொன்னார்கள். காரணங்களின் பட்டியலில் அதுதான் முதலிடம். தலைப்புச் செய்தி அதோடு நின்றுவிட்டது.

குறைவாகப் பார்த்தேன் என்றவர்கள் மொத்தத்தில் 12 சதவீதம் மட்டுமே. 9,200-இல் 12 சதவீதம் என்றால் சுமார் 1,100 பேர். அதில் 26 சதவீதம் சுமார் 290 பேர். மொத்தத்தில் 3 சதவீதம். அதே கணிப்பில் 27 சதவீதம் பேர் முன்பைவிட அதிகமாகப் பார்த்ததாகச் சொன்னார்கள், 62 சதவீதம் பேருக்கு மாற்றமே இல்லை.

அந்த 3 சதவீதத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. அரங்குக்குப் போய் விளையாட்டு பார்ப்பவர்களிடம் கேட்ட கேள்வி இது. எப்போதாவது டிவியில் பார்ப்பவர், எளிதில் விலகக்கூடியவர், இதில் குறைவாகவே இருப்பார். மறுபுறம், கொள்கைக்காக நிறுத்தினேன் என்று சொல்வது சிலருக்குப் பெருமை. ஞாயிறு மதியம் டிவியை அணைத்தாரா என்பது வேறு விஷயம். டிரம்ப் ஆதரவாளர்களிடையே என்.எஃப்.எல். பற்றிய நல்லெண்ணம் 2017 செப்டம்பர் கடைசியில் செங்குத்தாகச் சரிந்தது. பார்வையாளர் எண்ணிக்கை அந்த வேகத்தில் சரியவில்லை. லீக் மீது கோபம், சொந்த ஊர் அணி மீது பாசம் இரண்டும் ஒரே ரசிகரிடம் இருந்ததே இந்த இடைவெளிக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து.

காலியான இருக்கைகளின் படங்கள் அப்போது நிறைய வந்தனவே?
– பெங்களூரு வாசகர்

படத்தை நம்பாதீர்கள். எந்த நேரத்தில் எடுத்தது என்று தெரியாமல் அதற்கு மதிப்பில்லை. ஆட்டம் தொடங்குமுன் பாதி அரங்கம் எப்போதும் வெளியே சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். அதிகாரபூர்வ எண்ணிக்கையும் பொதுவாக விநியோகமான டிக்கெட்டுகளைக் காட்டுவது, வந்து உட்கார்ந்தவர்களை அல்ல.

2017-இல் சராசரி வருகை குறைந்ததில் ஒரு பகுதி வெறும் கட்டடக் கணக்கு. சார்ஜர்ஸ் அணி சுமார் 70,000 பேர் கொள்ளும் சான் டியேகோ அரங்கை விட்டு, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே 27,000 இருக்கைகள் கொண்ட இடத்துக்கு மாறியது. ஆட்டத்துக்கு 30,000 பேர் குறைந்தார்கள் என்று வைத்தால், 8 உள்ளூர் ஆட்டங்களுக்கு 2,40,000. அதை சீசனின் 256 ஆட்டங்களுக்குப் பகிர்ந்தால், ஓர் அணி இடம் மாறியதாலேயே லீக் சராசரி 900-க்கு மேல் இறங்கிவிடும்.

ஸ்பான்சர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போகவில்லையா?
– கோவை வாசகர்

ஒருவர் சத்தம் போட்டார். பாப்பா ஜான்ஸ் பீட்சா நிறுவனர் 2017 நவம்பர் 1 அன்று விற்பனை மந்தத்துக்கு என்.எஃப்.எல். தலைமையைக் குறை சொன்னார். பீட்சா ஹட்டின் தாய் நிறுவனமோ தங்களுக்குப் பாதிப்பு இல்லை என்றது. 2018 பிப்ரவரியில் பாப்பா ஜான்ஸ் ஒப்பந்தம் முடிந்ததும் அந்த இடத்துக்கு வந்தது பீட்சா ஹட்தான்.

பெரிய பணம் ஒளிபரப்பு உரிமையில் இருக்கிறது. ரேட்டிங் மிகவும் தாழ்ந்த சீசன் முடிந்த கையோடு, 2018 ஜனவரி 31 அன்று, வியாழன் இரவு ஆட்டங்களுக்காக ஐந்து ஆண்டுகளுக்கு 300 கோடி டாலருக்கு மேல் தர ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒப்புக்கொண்டது. விளம்பரதாரருக்கு ஒரே நேரத்தில் ஒன்றரைக் கோடிப் பேரைக் கூட்டித்தர அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேறு எதுவும் மிச்சமில்லை. சரிந்த ஃபுட்பாலும் மற்ற எல்லாவற்றையும்விட மேலே நின்றது. 2021-இல் கையெழுத்தான நீண்டகால ஒப்பந்தங்களின் மதிப்பு 11 ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர்.

வெளியார் பார்க்கக்கூடிய கணக்கும் ஒன்று உண்டு. கிரீன் பே பேக்கர்ஸ் அணி பொதுமக்கள் பங்குதாரர்களாக உள்ள அணி என்பதால் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. லீக்கிடமிருந்து அதற்குக் கிடைத்த பங்கு 2016 சீசனுக்குச் சுமார் 24.4 கோடி டாலர், 2017-க்கு 25.6 கோடி, 2018-க்கு 27.4 கோடி. ரேட்டிங் விழுந்த ஆண்டிலும் வருமானம் ஏறியிருக்கிறது. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத் தொகை, ரேட்டிங் குறைந்தால் குறைவதில்லை.

2020-இல் எதிர்ப்பு இன்னும் பெரிதாக இருந்தது, ரேட்டிங்கும் விழுந்தது. அப்போதாவது ஒப்புக்கொள்வீர்களா?
– எடிசன், நியூ ஜெர்சி வாசகர்

அந்த ஆண்டு சராசரி சுமார் 7 சதவீதம் இறங்கி 1.54 கோடியானது. கூடைப்பந்து இறுதிப் போட்டி 51 சதவீதப் பார்வையாளர்களை இழந்தது. கூடைப்பந்து வீரர்கள் மண்டியிட்டார்கள், அரங்கத் தரையிலேயே முழக்கம் எழுதியிருந்தது. ஆகவே அதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்த ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டியோ 61 சதவீதம் இழந்தது. பெருந்தொற்றால் வழக்கமான மாதங்களிலிருந்து தள்ளிப்போன போட்டிகள் இலையுதிர் காலத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதும், தேர்தல் ஆண்டாக இருந்ததும் எல்லா விளையாட்டையும் அடித்தன. அந்த வெள்ளத்தில் 7 சதவீதத்தோடு தப்பியது ஃபுட்பால். 2021-இல் சராசரி 1.71 கோடியானது.

அப்படியானால் இந்த எதிர்ப்பால் யாருக்குமே நஷ்டமில்லையா?
– திருநெல்வேலி வாசகர்

கேப்பர்னிக்குக்கு நஷ்டம். 2016 சீசனில் 11 ஆட்டங்களைத் தொடங்கி, 16 டச் டவுன் பாஸ் (புள்ளி பெற்றுத் தந்த வீச்சு), 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு) மட்டுமே என்று முடித்தார். அந்த ஆண்டு அணி 2 வெற்றி, 14 தோல்வி என்று மோசமாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த எண்களோடு, 29 வயதில், மாற்று ஆட்டக்காரராகக்கூட இடம் கிடைக்காமல் போவதற்கு ஆட்டத்தில் காரணம் இல்லை. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியவரை எந்த அணியும் எடுக்கவில்லை. உரிமையாளர்கள் கூடிப் பேசித் தன்னை ஒதுக்கினார்கள் என்று அக்டோபரில் புகார் கொடுத்தார். 2019 பிப்ரவரியில் அவரும் ரீடும் லீக்கோடு சமரசம் செய்துகொண்டார்கள். அவர் மீண்டும் ஆடவே இல்லை.

உரிமையாளர்கள் அஞ்சியது ரேட்டிங்குக்கு என்றால், அதற்கு அவர்கள் எடுத்த மருந்தையும் பாருங்கள். 2018 மே 23 அன்று, களத்தில் இருப்பவர் கீதத்துக்கு நிற்க வேண்டும், விருப்பமில்லாதவர் உள்ளறையில் இருக்கலாம், மீறினால் அணிக்கு அபராதம் என்று விதி போட்டார்கள். வீரர் சங்கம் எதிர்த்ததும் ஜூலையில் அதை நிறுத்திவைத்தார்கள். அந்த விதி ஒருநாளும் அமலாகவில்லை. சில வீரர்கள் 2018-லும் மண்டியிட்டார்கள், ரேட்டிங்கோ சுமார் 5 சதவீதம் ஏறியது. 2020 ஜூன் 5 அன்று, வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று கமிஷனர் ராஜர் குடெல் காணொளியில் ஒப்புக்கொண்டார். அதில் கேப்பர்னிக்கின் பெயரைச் சொல்லவில்லை.