நவம்பரில் வியட்நாமின் ஹா ஜியாங்கில் மூன்று நாள்: அம்மாவுக்கு முட்டி வலி, பைக் இல்லாமல் முடியுமா?

தாராளமா முடியும். ஹா ஜியாங் ஊரிலேயே டிரைவரோடு கார் எடுத்துக்கோங்க. ஆனால் ஹனோயிலிருந்து அங்கே போகவே சுமார் 300 கி.மீ., அந்தப் பயணத்தை உங்கள் மூன்று நாளில் சேர்க்காதீங்க.

டோங் வான் ஊரில் தங்குங்க. அங்கிருந்து மியோ வாக் ஊருக்குப் போகும் சுமார் 20 கி.மீ.தான் இந்தப் பயணத்தோட உயிர். வழியில் வரும் மா பி லெங் கணவாயில் பாறையைக் கையால் வெட்டி, கயிற்றில் தொங்கியபடி போட்ட ரோடு. ஓரமா நிறுத்தினாலே கீழே நோ குவே ஆறு பச்சை நூல் மாதிரி தெரியும். அம்மா ஒரு படிகூட ஏற வேண்டாம். லுங் கூ கொடிக்கம்பம் முழுக்கப் படிக்கட்டு, விட்டுடுங்க. பக்வீட் (ஒரு வகை தானியப் பயிர்) பூ இளஞ்சிவப்பா இருக்கும் நேரம் இது. அப்புறம், ஞாயிறு வந்தால் மியோ வாக் சந்தைக்குக் காலையிலேயே போயிடுங்க. குளிரும், ஸ்வெட்டர் மறக்காதீங்க.