ஸ்டாண்டு, ஸ்பிரிங், ஸ்பைக்: எதற்குக் காசு போடலாம்?

கேள்வி: சார், ஆம்ப்ளிஃபயர், டேக் (டிஜிட்டல் இசையை ஸ்பீக்கருக்கேற்ற மின்சைகையாக மாற்றும் DAC கருவி) எல்லாவற்றுக்கும் அடியில் வைக்க அதிர்வு தடுக்கும் பாதங்கள் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், டேக், இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர் எதற்கும் வேண்டாம். கண்ணாடிக் குழல் போன்ற வால்வுகள் உள்ள வால்வ் ஆம்ப்ளிஃபயர் என்றால் மட்டும் ஒரு சோதனை: ஒவ்வொரு வால்வையும் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று பலமாகக் கேட்டால் அந்த வால்வ் அதிர்வைப் பிடிக்கிறது, அதை மாற்றுங்கள். பாதம் வாங்குவது அப்புறம்.

கேள்வி: அண்ணா, ஒரே மர மேசையில் ரெக்கார்ட் பிளேயரும் இரண்டு ஸ்பீக்கரும் வைத்திருக்கிறேன். வால்யூமைக் கூட்டினால் ‘ஹூம்’ என்ற முழக்கம் ஏறிக்கொண்டே போகிறது. பிளேயரில் கோளாறா?

பதில்: கோளாறு மேசையில்தான் இருக்கும், தம்பி. அதிர்வை மின்சாரமாக மாற்றுவதுதான் ஊசியின் வேலை. பள்ளத்தின் மிக நுண்ணிய நெளிவுகள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அவ்வளவு சிறிய அசைவையே பிடிக்கிற ஊசிக்கு, அது இசைத்தட்டிலிருந்து வந்ததா மேசையிலிருந்து வந்ததா என்று தெரியாது. ஸ்பீக்கர் மேசையை ஆட்டும், மேசை ஊசியை ஆட்டும், அது மறுபடி ஸ்பீக்கருக்கே போகும்.

உறுதிப்படுத்த, தட்டைச் சுழலவிடாமல் ஊசியை அதன் மேல் இறக்குங்கள். வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மேசையை விரலால் தட்டுங்கள். ‘தொம்’ என்று கேட்கிறதா? இசை ஓடும்போதும் அதுதான் கலக்கிறது. முதலில் ஸ்பீக்கரை மேசையிலிருந்து இறக்குங்கள். செங்கல் சுவரில் பதித்த கடப்பா கல் அலமாரி இருந்தால் பிளேயரை அங்கே வையுங்கள், அருமையான இடம்.

கேள்வி: பிளேயருக்கு அடியில் ரப்பர் வைத்தும் பலன் இல்லையே, ஏன்?

பதில்: எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். பிளேயரின் எடையில் 1 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம், சுமார் 16 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 16 முறை). ரப்பரில் இன்னும் கூடுதலாகவே வரும். அந்த அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளுக்குத்தான் தடுப்பே தொடங்கும். அதற்குக் கீழே தடுக்காது, சில இடங்களில் பெருக்கியும் விடும். டோன்ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) கார்ட்ரிட்ஜும் (ஊசி பொருத்திய தலை) ஒத்ததிர்வது பெரும்பாலும் 8 முதல் 12 ஹெர்ட்ஸில், அங்கே ரப்பர் உதவாது. 10 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் என்றால் 5 ஹெர்ட்ஸ், அது உதவும். 1961-ல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) நிறுவன பிளேயரில் தட்டையும் டோன்ஆர்மையும் சேர்த்து ஸ்பிரிங்கில் தொங்கவிட்டது இதற்குத்தான். ஆனால் நடந்தாலே குதிக்கும் மரத்தளத்தில் ஸ்பிரிங் வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள் இருக்கிறது. ஸ்டாண்டு வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: நிச்சயமாகத் தெரியும். தாராளமாக வாங்குங்கள். ஷோகேஸ் கண்ணாடி கிடுகிடுப்பது நிற்கும். அதைவிடப் பெரிய லாபம், கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரும், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளியும் வைக்கலாம். பேஸ் கொழகொழவென்று இருப்பது அதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். சின்ன ஸ்பீக்கருக்கு 60 செ.மீ. உயர ஸ்டாண்டு போதும். குழாய் உள்ளீடற்றதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த மணலை நிரப்புங்கள். ஈரம் இருந்தால் துருப்பிடிக்கும்.

கேள்வி: டைல்ஸ் தரையில் ஸ்டாண்டுக்கு ஸ்பைக் (கூர்முனை உலோகப் பாதம்) போடலாமா?

பதில்: ஸ்பைக் அதிர்வைத் தடுப்பதில்லை. கம்பளத்தைத் துளைத்துத் தரையில் ஊன்றி நிற்க வைப்பதே அதன் வேலை. டைல்ஸில் கீறல்தான் விழும், ரப்பர் பாதமே போடுங்கள்.