டாஸ்க் மேனேஜரைக் கண்டால் பம்முகிற மைனர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒன்றுமே திறக்காதபோதும் லேப்டாப் ஃபேன் இரைகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு ஒரு நொடி 90 காட்டிவிட்டு 5-க்கு இறங்கிவிடுகிறது. மைனர் புகுந்துவிட்டதா? – கல்லூரி மாணவர், திருப்பூர்

மைனர் என்பது உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கணினியை உழைக்க வைத்து, யாரோ ஒருவனுக்கு கிரிப்டோ காசு எடுத்துக் கொடுக்கும் புரோகிராம். அந்த ஒரு நொடியை நம்பாதீர்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும்போது அதுவே சிபியுவைக் கொஞ்சம் பிடுங்கும். ஃபேனைத்தான் கவனிக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மினிமைஸ் செய்து அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அதுவரை லேப்டாப் குளிர்ந்து கிடந்து, மூடிய சில நிமிடங்களில் மறுபடி இரைந்தால் சந்தேகம் பலமாகிறது. ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நடந்தால் அடங்குகிற வகுப்பு மாதிரி, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் கையைக் கட்டிக்கொள்ளும்படிதான் பல மைனர்களை எழுதி விடுகிறார்கள்.

பிறகு ஓடும் புரோகிராம்களை விவரமாகக் காட்டும் மைக்ரோசாஃப்டின் பிராசஸ் எக்ஸ்புளோரரை இறக்கி, ஃபைல் பெயரை மாற்றி ஓட்டுங்கள். அந்தப் பெயரைப் பார்த்தே பதுங்குகிறவையும் உண்டு. எஸ்விசிஹோஸ்ட் என்ற விண்டோஸின் சொந்தப் புரோகிராம் பெயரில் ஒன்று ஆப்டேட்டா ஃபோல்டரிலிருந்தோ புரோகிராம்டேட்டா ஃபோல்டரிலிருந்தோ ஓடினால் அது போலி. இருக்கும் இடம் சரியாகத் தெரிந்தாலும் கமாண்ட் லைனையும், அதாவது எந்தக் கட்டளையோடு அது ஓடுகிறது என்பதையும் பாருங்கள். 4-இல் தொடங்கி 95 எழுத்து நீளத்துக்கு ஒரு கிறுக்கல் இருந்தால் அது மொனேரோ என்ற கிரிப்டோ காசு போய்ச் சேரும் வாலட் முகவரி. ஜன்னலே திறக்காத நோட்பேட் பாதி சிபியுவைத் தின்றுகொண்டிருந்தாலும் விஷயம் அதுதான். முதலில் நெட்டைத் துண்டியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: என் கணினியில் திருட்டுத்தனமாக பிட்காயின் எடுக்கிறார்கள் என்றால் அந்தப் பணத்தை நானே எடுத்துக்கொள்ள முடியாதா? – பெயர் வேண்டாம், சேலம்

அவர்கள் எடுப்பது பிட்காயின் அல்ல. அதற்குத் தனி இயந்திரங்கள் வேண்டும். சாதாரண சிபியுவில் ஓடக்கூடியது மொனேரோ. அதை எடுப்பதற்கு 2019 நவம்பரில் வந்த ரேண்டம்எக்ஸ் என்ற கணக்கு முறையே சிபியுவை மனதில் வைத்துச் செய்ததுதான். ஒரு வீட்டுக் கணினி ராப்பகலாக ஓடினாலும் நாளைக்குப் பத்து இருபது ரூபாய் தேறினால் அதிகம். உங்கள் மின்சாரச் செலவுக்கே காணாது. திருடனுக்குக் கரண்ட் இலவசம், கணினிகளும் ஆயிரக்கணக்கில். அதனால் அவனுக்குக் கட்டுப்படியாகிறது.

கேள்வி: சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. மைனரா சார்? உடனே பதில் தேவை. – வாசகர்

எந்த விண்டோஸ், ரேம் எத்தனை, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, எத்தனை நாளாக? ஒன்றுகூட எழுதவில்லை. "உடனே" மட்டும் இருக்கிறது. 4 ஜிபி ரேமில் குரோமில் முப்பது டேப் திறந்து வைத்திருந்தால் மைனர் தேவையில்லை, நீங்களே போதும்.

கேள்வி: ஒரு குறிப்பிட்ட தளத்தைத் திறந்தால் மட்டும் கணினி சூடாகிறது. – ஆசிரியை, தஞ்சாவூர்

டேப்பை மூடினால் அடங்குகிறதா? அடங்கினால் கணினிக்குள் எதுவும் இல்லை, தளத்தின் ஸ்கிரிப்ட்தான். 2017-இல் தளத்தைப் பார்க்க வருகிறவர் கணினியில் மொனேரோ எடுக்கும் காயின்ஹைவ் ஸ்கிரிப்ட் வந்தபோது இது பெரிய தொல்லையாக இருந்தது. 2019 மார்ச்சில் அதை மூடினார்கள், தொல்லையும் குறைந்தது. குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் என்று தெரியும். எக்ஸ்டென்ஷன் என்றால் தூக்கிவிடுங்கள்.

கேள்வி: ஆல்பம் டிசைன் செய்கிறேன். தெரிந்த கடையில் விண்டோஸும் டிசைன் சாஃப்ட்வேரும் போட்டுக் கொடுத்தார்கள். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுத்தான் இன்ஸ்டால் ஆகும்" என்றார் கடைக்காரர். இப்போது ஒரு ஆல்பம் எக்ஸ்போர்ட் ஆக இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்தால் ஒன்றும் இல்லை என்கிறது. – ஸ்டூடியோ உரிமையாளர், மதுரை

எத்தனை தடவைதான் எழுதுவது! ஆன்டிவைரஸை அணைத்தால்தான் இன்ஸ்டால் ஆகும் என்று எவன் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். திருட்டு சாஃப்ட்வேர் வரும் ஜிப் ஃபைலுக்கு 1234 என்று பாஸ்வேர்டு போட்டு, அதைப் பக்கத்திலேயே எழுதியும் வைப்பது எதற்கு? உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸ் திறந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான்.

போன வருடம் ஒரு டிடிபி சென்டர் கணினி என்னிடம் வந்தது. டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கும் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திறந்தால் சி டிரைவ் முழுவதும் அதில்! காவலாளியை உட்கார வைத்து, வீட்டை மட்டும் பார்க்காதே என்று சொன்ன கதை. அதைச் செய்தது மைனரா, திருட்டு விண்டோஸை ஓட வைக்கும் ஆக்டிவேட்டரா, இல்லை தினம் பத்து கணினிக்கு ஒரே பென்டிரைவைச் செருகும் கடைப் பையனா என்று இன்றுவரை தெரியாது. உரிமையாளருக்கோ கடைக்காரர் மேல் இம்மியும் வருத்தமில்லை. "அவர் சல்லிசா போட்டுக் கொடுத்தார் சார்" என்றார்.

கிராக்கில், அதாவது பூட்டை உடைத்த திருட்டு சாஃப்ட்வேரில், என்னென்ன வரும் என்பதற்கு கிராக்கோனோஷ் என்ற வைரஸ் ஒன்றே போதும். அதை 2021 ஜூனில் அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் அம்பலப்படுத்தியது. கிராக் செய்த கேம்களுக்குள் ஒளிந்து வந்து, கணினியை சேஃப் மோடில் கிளப்பி, அங்கே ஆன்டிவைரஸ் விழிக்காத நேரத்தில் டிஃபெண்டரை முடக்கிவிட்டு மொனேரோ எடுத்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள், சுமார் 20 லட்சம் டாலர் வரும்படி. (செக் நாட்டுக் கதைகளில் வரும் ஒரு மலைப் பூதத்தின் பெயரை வைத்தார்கள். பூதத்துக்கு அவமானம்.)

உங்கள் கணினிக்கு வருவோம். நெட் கேபிளைப் பிடுங்குங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைக் காலி செய்யுங்கள். வீட்டுக் கணினியில் "உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்" என்று வந்தால், அந்த நிர்வாகி நீங்கள் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பிறகு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும், கால் மணி நேரம் ஆகும். அடுத்து, கணினி எழும்போது தானாக ஓடுபவற்றைக் காட்டும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸைத் திறந்து மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டு மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் அப்டேட் என்ற பெயரில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியை எழுப்புகிற வேலை இருக்கும், அதை முதலில் முடக்குங்கள். அது உயிரோடிருக்கும்வரை மைனரை நிறுத்தினாலும் திரும்பக் கிளம்பும்.

இத்தனையும் செய்தாலும் என் தீர்ப்பு ஒன்றுதான். படங்களை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஒரு இஎக்ஸ்இ ஃபைலைக்கூடத் தூக்கிப் போகாதீர்கள். மைனரை ஓட்ட முடிந்தவனுக்கு உங்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை எடுப்பது பெரிய காரியமில்லை. வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதிய பாஸ்வேர்டையும் அவனுக்கே சொல்லிக் கொடுப்பீர்கள்.

கேள்வி: வின்ரிங்0 என்று டிஃபெண்டர் கத்துகிறது. அது மைனர்தானே? – கேமர், சென்னை

மைனர் என்று அடித்துச் சொல்ல முடியாது. வின்ரிங்0 வன்பொருளை நேரடியாகத் தொட உதவும் ஒரு டிரைவர். மொனேரோ எடுக்கும் எக்ஸ்எம்ரிக் அதைப் பயன்படுத்துகிறது, ஃபேன் வேகத்தையும் கலர் விளக்கையும் ஆட்டிவைக்கும் பல சாஃப்ட்வேர்களும் பயன்படுத்துகின்றன. எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பாருங்கள். கலர் விளக்கு சாஃப்ட்வேரோடு இருந்தால் அதை அப்டேட் செய்யுங்கள், டிரைவரிலேயே ஓட்டை உண்டு. டெம்ப் ஃபோல்டரில் தனியாகக் கிடந்தால் மதுரைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்.

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்ற பிராசஸ் சிபியு முழுவதையும் எடுக்கிறது. கில் செய்தால் ஒரு நிமிடத்தில் திரும்ப வருகிறது. – சிறு நிறுவன நிர்வாகி, கோவை

கடைசி "ஐ"யைக் கவனித்தீர்களா? அது இல்லாத பெயரில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சொந்த ஆள் ஒருவர் உண்டு. இது வேஷம். பின்னால் கின்சிங் என்று இன்னொன்று ஓடும், அதுதான் ரத்தபீஜன் மாதிரி இதை மறுபடி மறுபடி முளைக்க வைக்கிறது. எல்லா யூசர்களின் கிரான்டேபையும் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) பாருங்கள், தூரத்திலிருந்து உள்ளே வர விடும் எஸ்எஸ்ஹெச் சாவிகளில் தெரியாதது இருக்கிறதா பாருங்கள். ரெடிஸ் டேட்டாபேஸின் 6379 போர்ட்டைப் பாஸ்வேர்டு இல்லாமல் உலகத்துக்கே திறந்து வைத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். சர்வரைப் புதிதாகக் கட்டுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள்.

கேள்வி: இந்தத் தடவை இபி பில் 400 யூனிட் கூட வந்திருக்கிறது. மகன் லேப்டாப்பில் மைனர் இருக்கும் என்கிறான். – இல்லத்தரசி, திருச்சி

லேப்டாப்பில் மைனர் ஓடினால் கூடுதலாக 60 வாட் இழுக்கும் என்று வையுங்கள். இரவு பகல் நிறுத்தாமல் இரண்டு மாதம் ஓடினால் 85 யூனிட் சொச்சம். மிச்சம் 300 யூனிட்டுக்கு மகன் ரூம் ஏசி ரிமோட்டை வாங்கிப் பாருங்கள், அம்மா.