பிபிசி மைக்ரோவுக்கு மூன்று கம்பி போதாது

கேள்வி: 1984-85-இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ என்னும் கணினி ஒன்றை, நான் பணியாற்றிய பள்ளி பழைய சாமான்களோடு கழித்தபோது விலைக்கு வாங்கினேன். மாணவர்கள் பேசிக் மொழியில் எழுதிய நிரல்கள் கேசட்டிலிருந்து இன்றும் ஏறுகின்றன. அவற்றைப் புதிய கணினிக்கு மாற்ற, அனுப்புதல், பெறுதல், கிரவுண்டு என மூன்று கம்பிகளில் கேபிள் செய்தேன். ஓரெழுத்துகூட வரவில்லையே, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: கேபிளில் இரண்டு கம்பிகள் குறைகின்றன. பிபிசி மைக்ரோவின் சீரியல் சிப் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பிப் பெறும் சிப்), எதிர்முனையிலிருந்து 'அனுப்பலாம்' என்னும் சிடிஎஸ் சமிக்ஞை வரும்வரை ஒரு பைட்டையும் வெளியே விடாது. ஆகவே ஐந்து கம்பிகளையும் இணையுங்கள்: பிபிசியின் டேட்டா அவுட் கணினிப் பக்க ஒன்பது பின் இணைப்பியின் 2-க்கும், டேட்டா இன் 3-க்கும், நடுவிலுள்ள கிரவுண்டு 5-க்கும், சிடிஎஸ் 7-க்கும், ஆர்டிஎஸ் (பிபிசி தன் பக்கத்திலிருந்து தரும் 'அனுப்பலாம்' சமிக்ஞை) 8-க்கும் செல்ல வேண்டும். கணினிப் பக்கத்தில் 1, 4, 6 ஆகியவற்றைத் தமக்குள் இணைத்துவிடுவது நல்லது.

பிளக் வாங்கும்போது கவனம் தேவை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ரேடியோ கடையில் 'ஐந்து பின் டின் பிளக்' என்று மட்டும் கேட்டால், பின்கள் அரைவட்டமாக அமைந்த டேப் ரெக்கார்டர் பிளக்கை எடுத்து நீட்டக்கூடும். அது பிபிசியின் சீரியல் சாக்கெட்டில் நுழையாது. உங்களுக்கு வேண்டியது, பகடையின் ஐந்தைப் போல மூலைக்கு ஒன்றாக நான்கும் நடுவில் ஒன்றுமாகப் பின்கள் உள்ள பிளக். அது தலைகீழாகவும் நுழையும் என்பது இந்த இயந்திரத்தின் பழைய குறும்பு. எனவே சால்டரிங்கைக் குறை சொல்லும் முன் பிளக்கை ஒருமுறை திருப்பிச் செருகிப் பாருங்கள். கையேட்டுப் படம் சாக்கெட்டை வெளியிலிருந்து பார்ப்பதாக வரையப்பட்டிருந்தால், பிளக்கின் பின்புறத்தில், அதாவது ஈயம் வைக்கும் பக்கத்தில், அதே வரிசையே வரும். இடம் வலமாக மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

புதிய கணினியில் சீரியல் போர்ட் இராது என்பதால் யுஎஸ்பி மாற்றி வாங்குவீர்கள். அது ஆர்எஸ் 232 (கணினி சீரியல் போர்ட்டின் வழக்கமான மின் தரம்) வகையாக இருக்கட்டும். மைக்ரோகண்ட்ரோலர் பலகைகளுக்கான டிடிஎல் மாற்றியில் சமிக்ஞையே தலைகீழாக இருக்கும் என்பதால் அது உதவாது. பிபிசியின் சீரியல் போர்ட் பின்பற்றும் ஆர்எஸ் 423 தரம் சுமார் 5 வோல்ட் அளவில் மேலும் கீழும் மாறுவது ஆர்எஸ் 232-க்குப் போதுமானது.

கணினியின் டெர்மினல் மென்பொருளில் 9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல் என்று அமைத்து, வருவதைக் கோப்பில் பதியச் செய்யுங்கள். பிபிசியில் நிரலை ஏற்றி, *எஃப்எக்ஸ் (*FX) 8,7 என்றும் (அனுப்பும் வேகம் 9600 ஆகும்) *எஃப்எக்ஸ் 3,1 என்றும் (திரைக்குச் செல்வது சீரியல் போர்ட்டுக்கும் செல்லும்) கொடுத்து, பின்னர் லிஸ்ட் என்று தட்டினால், திரையில் ஓடும் வரிகளே கோப்பிலும் வந்து சேரும். முடிந்ததும் *எஃப்எக்ஸ் 3,0 கொடுத்து நிறுத்துங்கள்.