கல்விக்கு உதவ நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை

“சம்பளத்தில் ஒரு பகுதியை வசதியற்ற குழந்தைகளின் படிப்புக்குத் தர விரும்புகிறேன். எப்படிக் கொடுத்தால் அது வீணாகாது?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சிறிய கல்வி அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன். எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது இரண்டாம் கேள்விதான். பணம் எந்தத் தேதியில் போய்ச் சேருகிறது, எத்தனை ஆண்டுகள் தொடர்கிறது என்பவையே அது பயன்படுமா, படாதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் குழுவே செய்த ஒரு பிழையிலிருந்து.

நான் குழுவில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்த ஒரு மாணவிக்கு மேல்நிலைக் கல்விக்கான முழுக் கட்டணத்தையும் ஒப்புதல் செய்தோம். ஒப்புதல் தந்த கூட்டம் நடந்ததோ பள்ளி திறந்து மூன்று மாதம் கழித்து. கணக்குத் தணிக்கை முடிந்து, உறுப்பினர்கள் அனைவருக்கும் வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்க அவ்வளவு காலம் ஆயிற்று. அதற்குள் மாணவியின் தாய் சேர்க்கைக் கட்டணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். எங்கள் காசோலை பள்ளியின் பெயருக்குப் போனது, பள்ளி அதை அடுத்த பருவத்துக்கு வரவு வைத்துக்கொண்டது, தாயின் கடன் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கடனை அடைக்க அந்தப் பெண் முதலில் வார இறுதிகளில் வேலைக்குப் போனாள், பிறகு மற்ற நாட்களிலும் போகத் தொடங்கினாள். அடுத்த ஆண்டு நாங்கள் அனுப்பிய புதுப்பித்தல் கடிதத்துக்குப் பதில் வராததால் வீடு தேடிப் போனேன். எங்கள் ரசீதை மடிப்புக்கூட விழாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த அந்த அம்மா அதை எடுத்துக் காட்டினார். கோபப்படவில்லை. “இது அப்பவே வந்திருந்தா வட்டி கட்டியிருக்க வேண்டாமே, சார்” என்றார், அவ்வளவுதான். எங்கள் ஆண்டறிக்கையிலோ அவளுடைய பெயருக்கு எதிரே ‘பயனாளி’ என்று அச்சாகியிருந்தது.

இது எங்கள் அறக்கட்டளையின் சோம்பல் மட்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் இதற்குள் ஒரு பொதுவிதி இருப்பது புரிந்தது. அங்கே பள்ளிக்குத் தவறாமல் வரும் ஏழை மாணவர்களின் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு உதவித்தொகை முழுவதும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வழங்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு மூன்றில் இரண்டு பங்கை மட்டும் அவ்வாறு வழங்கிவிட்டு, மீதியை வங்கியில் சேர்த்து வைத்து, அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை நேரத்தில் ஒன்றாகக் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் வருகை ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்தது, ஆனால் அடுத்த ஆண்டு மீண்டும் பள்ளியில் சேர்ந்தவர்கள் இரண்டாம் பிரிவில்தான் அதிகம். மொத்தத் தொகையில் வேறுபாடு இல்லை. தேதியில் மட்டுமே வேறுபாடு. ஏழைக் குடும்பத்தின் கையில் பணம் தங்காது என்பது அவர்களுடைய குணக்குறை அல்ல, ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு அவசரம் வாசலில் நிற்கிறது என்பதே காரணம். சேர்க்கை நாளன்று பெருந்தொகை ஒன்று தேவைப்படும் என்று தெரிந்திருந்தும், அதுவரை அதைக் காப்பாற்றி வைப்பதே அவர்களுக்குக் கடினம்.

அடுத்தது, கட்டணத்தைக் கட்டிவிட்டால் கல்வியைக் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம். கட்டணமே இல்லாத பள்ளியிலிருந்தும் குழந்தைகள் நின்றுவிடுகிறார்கள் என்பதை நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. சீருடை, காலணி, போக்குவரத்து, தேர்வுக் கட்டணம், கண்ணாடி, மாதவிடாய்க் காலத் தேவைகள் என்று படிப்பைச் சுற்றி நிற்கும் செலவுகளே பல வீடுகளில் முடிவைத் தீர்மானிக்கின்றன. கென்யாவில் இலவசச் சீருடை வழங்கியதாலேயே பள்ளிக்கு வராத நாட்களும் இடைநிற்றலும் குறைந்ததை வெவ்வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தார்கள். அண்டை மாநிலமான ஜார்க்கண்டுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், மாணவியரின் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்ததாகவும் கண்டார்கள். பாடம் கடினமாக இருந்ததால் அல்ல, பள்ளி தொலைவில் இருந்ததால்தான் அந்தப் பெண்கள் வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

இதை வைத்து, பொருளாக எதைக் கொடுத்தாலும் நல்லதுதானே என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அதே கென்யாவில் பாடநூல்களை இலவசமாக வழங்கிப் பார்த்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கே பலன் கிடைத்தது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பெரும்பாலான பிள்ளைகளால் அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. எது தடையாக இருக்கிறது என்று கேட்காமல் கொடுக்கும் பொருள், கொடுத்தவருடைய மனநிறைவுக்கு மட்டுமே உதவும். புத்தகப் பைகளின் மீது நன்கொடையாளரின் பெயரை அச்சிட்டுக் கொடுப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

நிபந்தனைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குழுவில் நாங்கள் அதிகம் சண்டையிட்டது இதற்காகத்தான். ஒவ்வோர் ஆண்டும் 60 விழுக்காடு மதிப்பெண் எடுத்தால்தான் உதவி தொடரும் என்ற விதி எங்களிடம் இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். தாய் நோயில் படுத்த ஆண்டில் ஒரு மாணவனுக்கு 52 வந்தது, விதிப்படி நிறுத்தினோம். யோசித்துப் பாருங்கள்: வீட்டில் நிலைமை சீர்குலையும்போதுதான் மதிப்பெண் குறைகிறது, மதிப்பெண் குறையும்போது நாங்கள் உதவியை விலக்கிக்கொள்கிறோம், அதாவது குடை தேவைப்படும் மழைநாளில் குடையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். நெடுங்கால வாதத்துக்குப் பிறகு அந்த விதியை மாற்றி, மதிப்பெண் குறைந்தால் முதலில் ஒருவர் நேரில் சென்று பேச வேண்டும், பள்ளி வருகை தொடர்ந்தால் உதவியும் தொடர வேண்டும் என்று வைத்தோம்.

நிபந்தனையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. மலாவியின் சோம்பா மாவட்டத்தில் இளம்பெண்களிடையே நடந்த ஓர் ஆய்வில், பள்ளிக்கு வந்தால்தான் பணம் என்று சொல்லப்பட்ட பிரிவில் இடைநிற்றல் அதிகம் குறைந்தது. நிபந்தனையின்றிப் பணம் பெற்ற பிரிவிலோ, பள்ளியை விட்டுவிட்ட பெண்களிடையே இளவயதுத் திருமணமும் கருத்தரிப்பும் குறைந்தன. மொரோக்கோவில் இன்னொரு வகையாகச் செய்து பார்த்தார்கள்: வருகையைச் சரிபார்க்காமல், “இது உங்கள் பிள்ளையின் படிப்புக்கான பணம்” என்று சொல்லி மட்டும் சிறுதொகையைக் கொடுத்தார்கள். அது நன்றாகவே வேலை செய்தது, நிபந்தனையைச் சேர்த்ததால் கூடுதலாகப் பெரிய பயன் ஏதும் கிடைக்கவில்லை. பெற்றோரைக் கண்காணிப்பதற்குச் செலவாகும் ஆற்றலில் பாதியை அவர்களிடம் மரியாதையுடன் பேசுவதற்குச் செலவிட்டால் போதும் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பொருள், மற்றவர்கள் வேறுவிதமாக எடுத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பப் படிவங்கள் தனிக் கொடுமை. எங்கள் படிவத்தில் தந்தையின் கையொப்பத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. தந்தை விட்டுச் சென்ற குடும்பங்களின் விண்ணப்பங்கள் ‘முழுமையற்றவை’ என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவே நான்கு ஆண்டுகள் ஆயின. ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை அலைவது என்றால் கூலி வேலை செய்பவருக்கு மூன்று நாள் ஊதியம் போகிறது என்று பொருள்.

இத்தனையும் சொல்லும்போது ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக் கல்விக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியம். அதைத் தாங்கக்கூடியது அரசின் வரிப்பணம் மட்டுமே. இங்கிலாந்தில் 2011 முதல் வசதியற்ற மாணவர் ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டுப் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி தருகிறார்கள், அமெரிக்கா 1965இலேயே ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளுக்கென்று சட்டப்படி நிதி ஒதுக்கத் தொடங்கியது. தனியாரின் நன்கொடை இவற்றுக்கு மாற்றாக முடியாது. அரசுத் திட்டத்தின் பணம் வந்து சேரும் வரையிலான இடைவெளியை அடைப்பதுதான் சிறிய நன்கொடையாளர் மிகச் சிறப்பாகச் செய்யக்கூடிய பணி என்று நினைக்கிறேன். வரப்போகும் அரசு உதவித்தொகையை நம்பி, அதுவரை வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுக்கும் ஒரு சுழல்நிதியை நாங்கள் கடைசி மூன்று ஆண்டுகள் நடத்தினோம். எங்கள் நிதியில் மிகச் சிறிய பகுதி அது, ஆனால் சேர்க்கை மாதத்தில் வட்டிக்கடன் வாங்கும் குடும்பங்கள் எங்கள் பட்டியலில் கண்கூடாகக் குறைந்தன.

ஒரு குழந்தையைத் ‘தத்தெடுத்து’, அதாவது அதன் படிப்புச் செலவை ஏற்று உதவுவது நல்லதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறு நாடுகளில் இத்தகைய புரவலர் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, உதவி பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்ததைக் கண்டது. ஆகவே அது பயனற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் குழந்தை உங்களுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும், மேடையில் உங்களிடமிருந்து உறையை வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால் மறுத்துவிடுங்கள். பள்ளித் தோழர்கள் முன்னால் ஏழை என்று அறிவிக்கப்பட்டு நின்ற பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பிடம், பணம் எந்த மாதம் குடும்பத்தின் கைக்கோ பள்ளிக்கோ போகிறது, ஒரு மாணவருக்கு எத்தனை ஆண்டுகள் உறுதி தருகிறீர்கள், மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மாதத்தின் பெயரைச் சொல்லாமல், “கூட்டம் முடிந்ததும்” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். உங்கள் பக்கத்தில், வங்கியில் தானியங்கிப் பரிமாற்றம் ஒன்றை அமைத்து, பள்ளி திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பாகவே பெரும்பகுதி போய்ச் சேரும்படி வைத்துவிடுங்கள்.