விண்டோஸ் 7-இல் கண்ணாடித் தோற்றம் வராதபோது பார்க்க வேண்டியவை

வணக்கம். பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தை மறுபடி நிறுவியதிலிருந்து, சாளரங்களின் கண்ணாடித் தோற்றமும் டாஸ்க்பாரில் தெரியும் சிறு முன்னோட்டங்களும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பதிப்பில் ஏரோ எனப்படும் இந்தத் தோற்ற விளைவுகள் முழுமையாகவே உண்டு; பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் (திரைக்கான சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) காரணமாக இருக்கும்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். அங்கே சிப்பின் பெயருக்குப் பதிலாக ‘ஸ்டாண்டர்ட் விஜிஏ கிராஃபிக்ஸ் அடாப்டர்’ என்று இருந்தால், உரிய டிரைவர் நிறுவப்படவே இல்லை என்று பொருள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரியதை எடுத்து நிறுவுங்கள். டிரைவர் தேடித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள், அவற்றால் வரும் தொல்லையே அதிகம். ஏரோவுக்கு டபிள்யூடிடிஎம் (WDDM, விஸ்டாவிலிருந்து வந்த கிராஃபிக்ஸ் டிரைவர் முறை) வகை டிரைவர் கட்டாயம் என்பதால், எக்ஸ்பி காலத்து டிரைவரில் திரை தெளிவாகத் தெரிந்தாலும் கண்ணாடித் தோற்றம் வராது. இன்டெல் 915 வகைச் சிப்செட்டுக்கு அப்படியொரு டிரைவர் வெளிவரவே இல்லை என்பதால், உங்களுடையது அதுவானால் மேற்கொண்டு முயல வேண்டாம். 945 என்றால் உண்டு.

டிரைவர் சரியாக இருந்தும் பலனில்லை என்றால், நிற ஆழம் 32 பிட்டில் இருக்கிறதா, சர்வீசஸ் பட்டியலில் ‘டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் செஷன் மேனேஜர்’ இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பர்சனலைஸ் பக்கத்தில் ஏரோ தீம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.